ஐப்பசிக்குள் முடிக்க வேண்டிய கணக்கு: சம்பா, தாளடி நெல்லுக்குப் பயிர்க் காப்பீடும் பருவத் திட்டமும்

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி (குறுகிய காலக் குறுவை நெல்லை அறுத்த வயலில் அடுத்து நடுவது) நெற்பயிரைக் காப்பீடு செய்வதற்கான கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. தமிழ்க் கணக்கில் அது ஐப்பசி முடியும் தறுவாய். வடகிழக்குப் பருவமழை அப்போது பாதி வழிகூட வந்திருக்காது. சில வயல்களில் நடவே முடிந்திருக்காது. வரப்போகும் இரண்டு மாத மழையை யாரும் அறியாத அந்த நேரத்தில்தான் விவசாயி முடிவெடுத்துப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. கடைசி வாரத்தில் கூட்டுறவுச் சங்க வாசலிலும் இ-சேவை மையத்திலும் ஒரு கையில் அடங்கலும் (எந்த வயலில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கின் நகல்) மறு கையில் குடையுமாக நிற்கும் வரிசை டெல்டாக்காரர்கள் எல்லோருக்கும் பழகிய காட்சி.

அந்த வரிசையில் நிற்பவர்களில் பலர் தெளிவாக அறியாத ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருத்தியமைக்கப்பட்ட பாரதப் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் அடிப்படையில் உங்கள் வயலைக் காப்பீடு செய்வதில்லை. உங்கள் வருவாய் கிராமத்தைக் காப்பீடு செய்கிறது. ஊர் முழுவதும் விளைச்சல் சரிந்தால் உங்களுக்கும் பணம் வரும். ஊர் விளைந்து உங்கள் பள்ளக்கட்டு வயல் மட்டும் அழுகினால், சில குறிப்பிட்ட சூழ்நிலைகளைத் தவிர, எதுவும் வராது. ஆகவே ஊருக்கு வரும் இடருக்குக் காப்பீடு, உங்கள் வயலுக்கு மட்டும் வரும் இடருக்கு ரகமும் நாளும் வடிகாலும் என்று இரண்டையும் சேர்த்தே புரட்டாசி, ஐப்பசியில் திட்டமிட வேண்டும். கீழே உள்ளவை முதலில் காப்பீடு, பிறகு வயல் என்ற ஒழுங்கில் எழுதப்பட்டவை.

இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது

2016-ல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் விவசாயி கட்ட வேண்டிய பிரீமியம் காரீஃப் (தென்மேற்குப் பருவமழைக் கால) உணவுப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபி (குளிர்கால) பயிருக்கு 1.5 சதவீதம். சம்பாவும் தாளடியும் ராபி கணக்கில் வருகின்றன. மீதிப் பிரீமியத்தை ஒன்றிய அரசும் மாநில அரசும் கட்டுகின்றன. காப்பீட்டுத் தொகை என்பது மாவட்ட அளவில் நிர்ணயிக்கப்படும் பயிர்க்கடன் அளவை ஒட்டியது. அது விளையப்போகும் நெல்லின் விலை அல்ல, சாகுபடிச் செலவுக்கு நெருக்கமான ஒரு தொகை. ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் கட்டுவது 540 ரூபாய். மாவட்டத்துக்கு மாவட்டம், ஆண்டுக்கு ஆண்டு இந்தத் தொகை மாறும் என்பதால், உங்கள் மாவட்டத்துக்கு அந்த ஆண்டு அறிவிக்கப்பட்ட தொகையைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

இழப்பீட்டுக்கு அளவுகோலாக இருப்பது உத்தரவாத மகசூல். உங்கள் கிராமத்தில் கடந்த 7 ஆண்டுகளில் கிடைத்த விளைச்சலில் சிறந்த 5 ஆண்டுகளை எடுத்துச் சராசரி கண்டு, அதில் அரசு நிர்ணயித்த 70, 80 அல்லது 90 சதவீதத்தை (இதுவே இழப்பீட்டு நிலை) எடுத்தால் அது கிடைக்கும். மிக மோசமான இரண்டு ஆண்டுகள் கணக்கிலிருந்து விலகிவிடுவது விவசாயிக்கு நன்மை. ஆனால் ஏழு ஆண்டுகளுக்குள் மூன்று முறை அடிபட்ட கிராமத்தில் மூன்றாவது கெட்ட ஆண்டு சராசரிக்குள் நுழைந்து அளவுகோலையே கீழே இழுத்துவிடும். அடிக்கடி வெள்ளம் வரும் கடைமடைக் கிராமங்களில், 'இவ்வளவு அழிந்தும் ஏன் இவ்வளவு குறைவாக வந்தது?' என்ற கேள்விக்கு இது ஒரு காரணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறந்த ஐந்தாண்டுச் சராசரி ஹெக்டேருக்கு 5,000 கிலோ, இழப்பீட்டு நிலை 80 சதவீதம் என்றால் உத்தரவாத மகசூல் 4,000 கிலோ. இந்த ஆண்டு கிராமத்தின் உண்மை மகசூல் 3,000 கிலோ என்று வந்தால் குறைவு நாலில் ஒரு பங்கு. ஏக்கருக்கு 36,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்தவருக்கு 9,000 ரூபாய் கிடைக்கும். கிராமத்தின் மகசூல் 4,100 கிலோ என்று வந்துவிட்டால், உங்கள் வயலில் 2,000 கிலோதான் கண்டது என்றாலும் இந்தக் கணக்கில் பூஜ்யம். அதேபோல் உங்கள் வயல் நன்றாக விளைந்து ஊர் சரிந்தால், நீங்கள் கேட்காமலேயே பணம் வரும்; அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, திட்டத்தின் அமைப்பே அப்படித்தான்.

உண்மை மகசூலைக் கண்டறிவது அறுவடைப் பரிசோதனை. முக்கியப் பயிர்களுக்குக் கிராமத்துக்கு 4 சோதனைகள் என்பது விதி. எந்த சர்வே எண், வயலின் எந்த மூலையிலிருந்து எத்தனை அடி என்பதைச் சோதனைக்காரர் விருப்பப்படி தேர்வு செய்ய முடியாது. குலுக்கல் எண்களைக் கொண்டே முடிவாகும். அங்கே நான்கு முளை அடித்து, கயிறு கட்டி, 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரத்தை அளந்து, கயிற்றுக்குள் வேர் நிற்கும் தூர்களை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றிப் பதர் நீக்கி எடை போடுவார்கள். அந்தச் சதுரம் ஒரு ஹெக்டேரில் 400-ல் ஒரு பங்கு. சதுரத்தில் 10 கிலோ கண்டால் ஹெக்டேருக்கு 4,000 கிலோ. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தத் தராசின் மதிப்பு புரியும்: அரைக் கிலோ கூடக்குறைய நின்றால் ஹெக்டேருக்கு 200 கிலோ மாறுகிறது, நான்கு சதுரங்களில் அப்படி நேர்ந்தால் ஊர் முழுவதன் இழப்பீடும் மாறிவிடுகிறது. கயிறு இழுத்துக் கட்டப்பட்டதா, ஓரத் தூர்கள் உள்ளே இழுக்கப்பட்டனவா, பதர் நீக்கப்பட்டதா என்று ஊர்க்காரர் இரண்டு பேர் அருகில் நின்று பார்ப்பது தகராறு செய்வதாகாது. என் அனுபவத்தில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மே மாதம் போடும் சண்டையைவிட ஜனவரியில் வரப்பில் நிற்கும் அரை மணி நேரம் பயனுள்ளது.

நெல்லுக்கும் கோதுமைக்கும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணிக்கும் மகசூலுக்கு 30 சதவீத எடை கொடுக்கும் முறையை 2023 காரீஃப் முதல் ஒன்றிய அரசு கொண்டுவந்தது. அம்முறை செயலில் உள்ள இடங்களில் மீதி 70 சதவீதம் கயிற்றுச் சதுரத்தையே நம்பியிருக்கிறது.

ஊர்ச் சராசரிக்கு வெளியே எவை எவை உண்டு

விதைக்கவே முடியாமல் போவது முதலாவது. மழை இல்லாமலோ மிகுந்தோ ஒரு கிராமத்தில் அப்பயிருக்குரிய பரப்பில் 75 சதவீதத்துக்கு மேல் விதைப்போ நடவோ நடக்கவில்லை என்று அறிவிக்கப்பட்டால், காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் வழங்கப்பட்டு அந்தக் காப்பீடு அத்துடன் முடிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்த 2016 போன்ற ஆண்டுகளில் இந்தப் பிரிவு உயிர்பெறுகிறது. விதைக்க முடியாத நிலை அறிவிக்கப்படுவதற்கு முன்பே பதிவு செய்தவருக்குத்தான் இது பொருந்தும்; வறட்சி உறுதியான பின் போய்ப் பணம் கட்ட இயலாது.

இரண்டாவது, பருவத்தின் நடுவில் நேரும் பேரிடர். வழக்கமான மகசூலில் பாதிகூடத் தேறாது என்று கூட்டாய்வில் கண்டால், வரக்கூடிய இழப்பீட்டில் 25 சதவீதம் வரை முன்பணமாக வழங்க வழி உண்டு. இதுவும் ஊர் அளவிலான ஏற்பாடே. மீதி அறுவடைப் பரிசோதனைக்குப் பின் தீர்க்கப்படும்.

மூன்றாவதுதான் தனி வயலுக்கு உரியது: ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, இயற்கைத் தீ, வெள்ளத்தில் மூழ்குதல். இங்கேதான் நெல் விவசாயிக்கு ஒரு நீண்ட குறை இருந்தது. நீரில் வாழும் பயிர் என்ற காரணத்தால், மூழ்குதல் என்ற இடரிலிருந்து நெல் 2018-ல் நீக்கப்பட்டது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியபோதும் மூழ்கிய தனி வயலுக்கென்று இழப்பீடு கோர இந்தப் பிரிவில் இடமிருக்கவில்லை. 2026 காரீஃப் பருவம் முதல் நெல் மூழ்குதலை மீண்டும் சேர்ப்பதாகவும், காட்டு விலங்குகளால் ஏற்படும் சேதத்தைக் கூடுதல் பாதுகாப்பாக இணைப்பதாகவும் ஒன்றிய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. எந்தெந்த இடர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்பது ஒவ்வொரு பருவத்துக்கும் மாநில அரசு வெளியிடும் அறிவிக்கையில் இருக்கும். பிரீமியம் கட்டுவதற்கு முன் வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இந்த ஒரு கேள்வியை நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காவது, அறுவடைக்குப் பின் நேரும் சேதம். அறுத்து வயலிலேயே காயப்போட்ட, அல்லது சிறு கட்டுகளாகக் கட்டி வைத்த பயிர் 14 நாள்களுக்குள் புயல் மழையிலோ பருவம் தவறிய மழையிலோ ஆலங்கட்டியிலோ அடிபட்டால் இது பொருந்தும். கையால் அறுத்துப் பரப்பிய காலத்துக்கு ஏற்ற விதி இது. இப்போது டெல்டாவில் பெரும்பாலும் இயந்திரம் அறுத்து நெல்லாகவே கொட்டிவிடுகிறது. களத்திலோ நேரடி கொள்முதல் நிலைய வாசலிலோ குவித்து வைத்து முறைக்குக் காத்திருக்கும் நெல் நனைந்தால் இந்தப் பிரிவு கைகொடுக்காது. தார்ப்பாய்தான் அங்கே காப்பீடு.

மூன்றாவது, நான்காவது பிரிவுகளில் சேதம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ 14447 என்ற இலவச எண்ணிலோ தெரிவிக்கலாம். வங்கி, கூட்டுறவுச் சங்கம், வேளாண் அலுவலகம் வழியாகவும் தெரிவிக்கலாம். ஊர்ச் சராசரி மகசூலுக்கான இழப்பீட்டுக்கு இப்படித் தனித் தகவல் எதுவும் தேவையில்லை. இவ்விரண்டும் வேறு வேறு என்பது தெரியாமல், வெள்ளம் வடிந்த மறுநாள் விண்ணப்பம் எழுதிக்கொண்டு அலைந்தவர்களையும், எழுத வேண்டிய நேரத்தில் 'தானாக வரும்' என்று இருந்துவிட்டவர்களையும் நான் ஒரே தெருவில் பார்த்திருக்கிறேன்.

பதிவு செய்யும்போது தவறுவது எங்கே

தேவைப்படும் தாள்கள் கொஞ்சமே: முன்மொழிவுப் படிவம், கிராம நிர்வாக அலுவலர் தரும் நடப்புப் பசலி ஆண்டின் அடங்கல் அல்லது விதைப்புச் சான்று, சிட்டா (நில உரிமை விவரப் பதிவு), வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆதார் நகல். வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஜூலை முதல் தேதி பிறக்கிறது. 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435. சென்ற பசலியின் அடங்கலைக் கொண்டுபோய்த் திரும்பி வருவது ஆண்டுதோறும் நடக்கிறது. பிரீமியத்தைத் தவிரப் பதிவுக் கட்டணம் என்று விவசாயியிடம் எதுவும் வாங்கக் கூடாது.

கவனம் தேவைப்படுவது தாள்களில் அல்ல, தட்டச்சில். கணினியில் மாவட்டம், வட்டம், பிர்கா, வருவாய் கிராமம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே பெயருடைய இரண்டு கிராமங்களில் மற்றொன்று விழுந்துவிட்டால், உங்கள் வயல் காகிதத்தில் வேறு ஊருக்குப் போய்விடும். இழப்பீடும் அந்த ஊர்ச் சராசரிப்படிதான். மேலூர், கீழூர், முதல் சேத்தி, இரண்டாம் சேத்தி என்று பெயர் பிரியும் டெல்டாக் கிராமங்களில் இது எளிதில் நேர்கிறது. எனக்கே ஒருமுறை உட்பிரிவு 3ஏ என்பது 3பி என்று பதிவாகி, அது பக்கத்து வயல்காரரின் பதிவோடு மோதி, இரண்டு பேர் பணமும் மாதக்கணக்கில் நின்றது. அன்று ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைக்காமல் அங்கேயே நின்று படித்திருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். எனவே ஒப்புகைச் சீட்டை வாங்கியதும் கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பயிர், பரப்பு, கணக்கு எண் ஆகிய ஆறையும் கவுண்டரை விட்டு நகரும் முன் சரிபாருங்கள்.

பரப்பில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நாம் மாவிலும் வேலியிலும் பேசுகிறோம். அடங்கல் ஹெக்டேர், ஏரில் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) இருக்கிறது. பிரீமியம் ஏக்கரில் சொல்லப்படுகிறது. 100 குழி ஒரு மா, அதாவது சுமார் 33 சென்ட். மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். 20 மா ஒரு வேலி. அடங்கலில் 0.81.0 என்று இருந்தால் அது 81 ஏர், அதாவது இரண்டு ஏக்கர். இதை 81 சென்ட் என்று படித்துவிட்டால் பாதிக்கு மேற்பட்ட நிலம் காப்பீடு இல்லாமல் போகும். மாறாக, அடங்கலில் உள்ளதைவிடக் கூடுதலாகப் பதிவு செய்தால் சரிபார்ப்பில் நிராகரிக்கப்படும். ஒரே நிலத்தை இரண்டு இடத்தில் காப்பீடு செய்தாலும் அப்படியே.

கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கு 2020 காரீஃப் பருவத்துக்கு முன்பு வரை காப்பீடு கட்டாயமாக இருந்தது. அந்தப் பருவம் முதல் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆனால் விருப்பமில்லை என்று கடைசி நாளுக்கு 7 நாள் முன்பே எழுதிக் கொடுக்காவிட்டால் வங்கி பிரீமியத்தைப் பிடித்துப் பதிவு செய்துவிடும். கடன் வாங்கியவர் 'சங்கத்தில் பிடித்திருப்பார்கள்' என்று நம்பி இருந்துவிடாமல், பிடித்தார்களா, எத்தனை ஏக்கருக்குப் பிடித்தார்கள் என்று நவம்பர் முதல் வாரத்தில் ஒருமுறை கேட்டுவிடுவது அவசியம். கடன் இரண்டு ஏக்கருக்கும் சாகுபடி ஐந்து ஏக்கருக்கும் இருந்தால், மீதி மூன்றைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

குத்தகைக்கும் வாரத்துக்கும் சாகுபடி செய்பவர்களுக்கும் இத்திட்டத்தில் இடம் உண்டு. கோயில், மடம் நிலங்களும் வாய்மொழிக் குத்தகையும் நிறைந்த டெல்டாவில் இது முக்கியமான வசதி. நடைமுறையில் பெரிய இடர்ப்பாடும் இங்கேதான். 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பெயர் பதிவானவருக்குச் சிரமமில்லை. வாய்மொழிக் குத்தகைக்காரர், சாகுபடி செய்பவர் என்று தம் பெயரை அடங்கலில் ஏற்றித் தருமாறு கிராம நிர்வாக அலுவலரைக் கேட்க வேண்டியிருக்கும். நில உரிமையாளர் தயங்குவார், ஏனென்றால் பெயர் ஏறினால் உரிமை கேட்பார்களோ என்ற அச்சம் அவருக்கு. இந்தப் பேச்சை நவம்பர் 10-ஆம் தேதி தொடங்கினால் முடியாது. நாற்று விடும்போதே, குத்தகை நெல் எத்தனை மூட்டை என்று பேசும்போதே, 'அடங்கல் யார் பெயரில், இழப்பீடு வந்தால் யாருக்கு?' என்பதையும் சேர்த்துப் பேசி முடித்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. உரிமையாளர் தம் பெயரில் காப்பீடு செய்து பணத்தையும் தாமே வைத்துக்கொண்ட கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

கடைசி நாள் சில ஆண்டுகளில் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதை நம்பித் திட்டமிடாதீர்கள். இணையதளம் கடைசி இரண்டு நாள் நத்தையாக நகரும், அடங்கல் வாங்கக் கிராம நிர்வாக அலுவலர் அறையில் இடமிருக்காது, மழை வேறு. தீபாவளிக்கு முன் முடித்துவிட்டால் நிம்மதி.

உங்கள் வயலுக்கான பங்கு: நாளும் ரகமும்

ஊர்ச் சராசரி காப்பாற்றாத இடத்தைக் காலண்டர் காப்பாற்றும். சம்பா நெல்லுக்கு இரண்டு நாள்கள் ஆபத்தானவை: கதிர் பூக்கும் நாளும் அறுவடை நாளும். அறுவடைக்குச் சுமார் 30 நாள் முன் பூக்கும் என்று வைத்து, விதைக்கும் முன்பே பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.

ஆகஸ்ட் 15-ல் 155 நாள் ரகத்தை விதைத்தால் அறுவடை ஜனவரி 17, பொங்கலை ஒட்டி. பூப்பது டிசம்பர் நடுவில். செப்டம்பர் 15-ல் 135 நாள் ரகத்தை விதைத்தால் அறுவடை ஜனவரி 28, பூப்பது டிசம்பர் கடைசியில், மழை ஓய்ந்துவரும் நேரத்தில். அதே 135 நாள் ரகத்தை அக்டோபர் முதல் தேதி விதைத்தால் பிப்ரவரி 13 வரை இழுக்கும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். கடைமடையில் பம்புசெட் இல்லாதவருக்குப் பால் பிடிக்கும் பருவத்துத் தண்ணீர் கேள்விக்குறியாகும். தாமதமாகிவிட்டால் 110 நாள் ரகத்துக்கு இறங்கிவிடுவதே புத்திசாலித்தனம்: அக்டோபர் 10-ல் விதைத்தாலும் ஜனவரி 28-க்குள் அறுவடைக்கு வந்துவிடும். விளைச்சல் சற்றுக் குறையலாம், ஆனால் கைக்கு வரும்.

பள்ளக்கட்டு நிலத்துக்கு சி.ஆர். 1009 சப் 1 போன்ற மூழ்குதல் தாங்கும் ரகம் ஏற்றது. சப் 1 மரபணு உள்ள பயிர் தூர் கட்டும் பருவத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் வரை நீருக்குள் தாக்குப்பிடிக்கும். ஆனால் இந்தத் தாங்குதிறன் இளம்பயிருக்குத்தான். பூத்த கதிர் மூழ்கினால் எந்த ரகமும் தப்பாது. மேட்டுக்கட்டு வயலுக்கு ஏ.டி.டி. 46, டி.கே.எம். 13 போன்ற மத்திய கால ரகங்களை வைத்து, ஐந்து ஏக்கர் உள்ளவர் அனைத்தையும் ஒரே ரகத்தில், ஒரே வாரத்தில் நடாமல் இரண்டாகப் பிரித்துக்கொண்டால், ஒரு புயல் ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் பிடிப்பது தவிரும். 2021 ஜனவரியில் பொங்கல் வாரத்து மழையில் முற்றிய சம்பாக் கதிர்கள் சாய்ந்து வயலிலேயே முளைத்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 2023 பிப்ரவரி தொடக்கத்திலும் அதே பாடு.

வடிகால் பற்றிச் சொல்லும்போது எரிச்சல் வராமல் எழுத முடிவதில்லை. பாசன வாய்க்காலுக்கு ஜூனில் காட்டும் அக்கறையில் பாதியை வடிகாலுக்கு அக்டோபரில் யாரும் காட்டுவதில்லை. ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்த வடிகாலில் தண்ணீர் நாலு நாளில் வடிய வேண்டியது பத்து நாள் நிற்கும். பயிர் அழுகுவது அந்த ஆறு நாளில்தான். பெரிய வடிகால் ஆறுகள் நீர்வளத் துறையின் பொறுப்பு. ஆனால் வயலிலிருந்து அந்த ஆறு வரை செல்லும் சிறு வாய்க்கால்களை வாய்க்கால்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஐப்பசி பிறக்கும் முன் ஒரு நாள் வெட்டிவிட்டால் போதும். அடைப்பு எங்கே என்பதைப் புரட்டாசியிலேயே தேதியுடன் படம் எடுத்துக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து வைப்பது, பின்னால் பேசும்போது கைக்கு ஆதாரமாகும். மேலுரத்தை மழை அறிவிப்பு பார்த்து இடுங்கள்; யூரியா போட்ட இரவே அடைமழை பெய்தால் அந்தப் பணம் வடிகாலில் போகும்.

அறுவடைக்கு ஈர நிலத்தில் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வேண்டும். ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் கேட்கும்போது வாடகை ஏறும். கார்த்திகையிலேயே ஆளைப் பிடித்துச் சொல்லி வைப்பது நல்லது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். தளர்வு கேட்டு, அனுமதி வந்து, முறை வருவதற்குள் நெல் களத்தில் கிடக்கும் நாள்களையும் உங்கள் காலண்டரில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடி விழுந்த பிறகு

மழை நின்றதும் முதலில் செய்ய வேண்டியது தண்ணீரை வடிப்பது. ஆய்வுக்கு வருவார்கள் என்று நீரைத் தேக்கி வைத்துக் காத்திருப்பது பயிரையும் கெடுக்கும், கோரிக்கைக்கும் உதவாது. வடிப்பதற்கு முன் வயலின் நான்கு திசையிலிருந்தும், அடையாளம் தெரியும் மரமோ மதகோ சட்டத்துக்குள் வருமாறு, செல்பேசியில் இட விவரம் பதியும் வசதியை இயக்கிப் படம் எடுங்கள். வடிந்த பின் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை அதே இடத்திலிருந்து எடுங்கள். செயலியில் புகார் பதிந்தால் வரும் பதிவு எண்ணை ஒப்புகைச் சீட்டின் பின்புறமே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து வரும் சேதக் கணக்கெடுப்பு வேறு, காப்பீட்டு ஆய்வு வேறு. முன்னது அரசின் பேரிடர் நிவாரணத்துக்கு உரியது. அதில் 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான வயல்களே சேர்க்கப்படும். பாசன நெல்லுக்கு ஒன்றிய விதிப்படி ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். 2023 பிப்ரவரி மழைச் சேதத்துக்குத் தமிழ்நாடு அரசு 20,000 ரூபாய் அறிவித்தது. இந்த 33 சதவீதக் கணக்குக்கும் காப்பீட்டு இழப்பீட்டுக்கும் தொடர்பில்லை. நிவாரணம் வாங்கியதால் காப்பீடு மறுக்கப்படாது. காப்பீடு இல்லாதவருக்கும் நிவாரணம் உண்டு. ஆகவே இரண்டு கணக்கெடுப்பிலும் உங்கள் சர்வே எண் ஏறியதா என்று தனித்தனியே கேட்க வேண்டும்.

பணம் எப்போது வரும் என்பதில் ஏமாற வேண்டாம். அறுவடைப் பரிசோதனை முடிந்து, மகசூல் விவரம் சரிபார்க்கப்பட்டு, இரு அரசுகளின் பிரீமியப் பங்கும் நிறுவனத்துக்குச் சேர்ந்த பிறகே இழப்பீடு கணக்கில் ஏறும். சம்பாவுக்கான பணம் அடுத்த குறுவை நாற்று விடும் நேரத்திலும் வராமல் போகலாம். எனவே குறுவைக்கான விதை, உழவுச் செலவை அந்தப் பணத்தை நம்பி ஒதுக்காதீர்கள். கூட்டுறவுக் கடனை உரிய தேதிக்குள் கட்டினால் வட்டியில்லை என்ற சலுகை தமிழ்நாட்டில் இருப்பதால், இழப்பீடு வந்ததும் கட்டலாம் என்று தவணையைத் தள்ளிப்போட்டால் அந்தச் சலுகை கைநழுவும். கடன்தாரருக்கு வரும் இழப்பீடு கடன் கணக்கிலேயே வரவாகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஊரில் எல்லோருக்கும் வந்து உங்களுக்கு மட்டும் வராவிட்டால் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்: வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு அறுந்திருக்கும், கிராமமோ சர்வே எண்ணோ மாறியிருக்கும், அல்லது வங்கி பிடித்த பிரீமியம் இணையதளத்தில் ஏறாமல் நின்றிருக்கும். கடைசியாகச் சொன்னது வங்கியின் தவறு. விதிப்படி அதற்கான இழப்பீட்டுப் பொறுப்பும் அதனுடையதே. ஒப்புகைச் சீட்டு எண்ணை 14447-ல் சொன்னால் உங்கள் பதிவு எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்வார்கள். அந்தப் பதிலைத் தேதியோடு எழுதிக்கொண்டு, சீட்டு, அடங்கல், பிரீமியம் கழிந்த கணக்குப் பக்கம் ஆகியவற்றின் நகலுடன் மாவட்ட ஆட்சியர் மாதந்தோறும் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொண்டு வாருங்கள்.